கோப்பை கல்லூரிக்கு, குற்றம் பையனுக்கு

நமது பத்திரிகைகளில் விளையாட்டு சம்பந்தமாக இரண்டு விதமான படங்கள் வருகின்றன. நீங்களும் கவனித்திருப்பீர்கள். முதல் வகைப் படத்தில் நடுவே ஒரு வெள்ளிக் கோப்பை. அதைப் பிடித்துக்கொண்டிருப்பவர் கல்லூரியின் செயலாளர். அவருக்கு வலப்புறம் முதல்வர், இடப்புறம் உடற்கல்வி இயக்குநர், அவர்களை அடுத்து நன்கொடை கொடுத்த ஒரு பெரிய மனிதர், அந்தப் பெரிய மனிதரின் மைத்துனர். இத்தனை பேருக்கும் பின்னால், கழுத்தை எட்டி எட்டி முகத்தைக் காட்ட முயலும் சில பையன்கள். ஓடியவர்கள் அவர்கள்தான்!

இரண்டாவது வகைப் படத்தில் ஒரே ஒரு பையன் இருப்பான். சில சமயம் ஒரு பெண். முதல்வர் இல்லை, செயலாளர் இல்லை, மைத்துனர் இல்லவே இல்லை. 'ஊக்க மருந்து உட்கொண்டதாகத் தடை', 'விடுதியில் கலாட்டா', 'போட்டியில் கைகலப்பு' என்று தலைப்பு இருக்கும். "அவருடைய தனிப்பட்ட செயலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று கடைசியில் ஒரு வரி.

ஓடி ஜெயித்தால் அது ஸ்தாபனத்தின் செயல்; தடுக்கி விழுந்தால் தனிப்பட்ட செயல். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்குக் கணக்கு வராது என்பது வாஸ்தவந்தான். கல்லூரியில் இரண்டு வருஷத்துக்கு மேல் நான் தாக்குப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் ஒரு சம்பவத்தை என் கண்ணால் பார்த்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போகவேண்டும்.

புதுக்கோட்டை ஜில்லாவில்தான் அந்தக் கல்லூரி. எது என்று கேட்காதீர்கள். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை. மார்க்கைப் பார்த்து அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. கபடி பார்த்துக் கொடுத்தார்கள். 'பாடிக்கொண்டு' அவன் எதிர்க் கட்சிக்குள் நுழைந்தால் திரும்பும்போது இரண்டு பேரையாவது தொட்டுவிட்டு வருவான். சம்பளம் கிடையாது, விடுதியில் சாப்பாடு இலவசம். பிரதியாக அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: ஜெயிக்க வேண்டும். வகுப்புக்கு அவன் வந்து நான் பார்த்ததில்லை. வருகைப் பதிவேட்டில் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தான். இந்தப் பொய்யை அவன் எழுதவில்லை. எம்.ஏ. படித்தவர்கள் எழுதினார்கள்.

அந்த வருஷம் மண்டலப் போட்டியில் எங்கள் கல்லூரி இறுதி ஆட்டத்துக்குப் போயிற்று. கல்லூரி மலருக்கு வர்ணனை எழுதுவதற்காக நானும் அதே பஸ்ஸில் போனேன். இறங்கும்போது மாஸ்டர் சொன்னார்: "கோப்பை இல்லாமல் எவனும் இந்தப் பஸ்ஸில் ஏறக்கூடாது. நடந்தே ஊருக்கு வாங்கடா." எல்லோரும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. விடுதிச் சாப்பாடு அவனுக்கு வேடிக்கையான விஷயம் இல்லை அல்லவா?

ஜெயித்தார்கள். எங்கள் நிர்வாகக் குழுவில் ஒரு காண்டிராக்டர் இருந்தார். மிகவும் உற்சாகி. சாயங்காலம் பையன்களைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஒரு பெட்டி நிறையப் பாட்டில்களை இறக்கி வைத்தார். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி நின்று வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் என்ன அதிசயம் கண்டாரோ! ராத்திரி எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தோற்ற கல்லூரிப் பையன்களும் இவர்களும் எதிரும் புதிருமாகச் சந்தித்தார்கள். ஒரு சொல், ஒரு பதில், ஒரு தள்ளு. எங்கள் பையன் கையில் ஒரு சோடா பாட்டில் அகப்பட்டது.

அடிபட்டவனுக்கு நெற்றியில் ஏழு தையல். இன்னும் ஒரு விரற்கடை கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவனுடைய தாயார் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அழவில்லை. மகனுடைய ரத்தம் தோய்ந்த சட்டையை மடியில் வைத்து மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். இந்தக் கட்டுரையை எழுதுகிறபோது அந்த அம்மாளை மறந்துவிட்டு நான் எதையும் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே கட்டளை இட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் காலை கல்லூரியில் பிரார்த்தனைக் கூட்டம். கோப்பைக்கு மாலை போட்டார்கள். காண்டிராக்டர் பேசினார். 'இளைஞர்களின் ஒழுக்கம்' என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தப் பையனை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டார்கள். காலையில் கோப்பை, மாலையில் டி.ஸி.!

அவனுடைய தகப்பனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து முதல்வர் அறை வாசலில் நின்றார். "ஐயா, அடிச்சது தப்புதாங்க. அதுக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. ஆனா அவனுக்குக் குடிக்க வாங்கிக் குடுத்தவங்களை ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார். "உங்கள் மகனுக்கு வாயில்லையா? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே?" என்றார் முதல்வர்.

நியாயமான கேள்விதான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பத்தொன்பது வயது. ஓட்டுப் போடுகிற வயது. பாட்டிலை ஓங்கிய கை அவனுடைய கைதான். இதையெல்லாம் நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் முதல்வரின் கேள்வி பாதிக் கேள்வி. மீதிப் பாதியைக் கேட்க ஆள் இல்லை. நமது கல்லூரிகளில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

குற்றம் செய்தவனையாவது விடுங்கள். குற்றமே செய்யாத ஒருத்தியிடம் நாம் எப்படி நடந்துகொண்டோம்? அதற்கும் இதே புதுக்கோட்டை ஜில்லாதான் சாட்சி. கத்தக்குறிச்சி என்ற கிராமத்தில் செங்கல் சூளையில் வேலை செய்த தம்பதிக்குப் பிறந்தவர் சாந்தி சௌந்தரராஜன். மண் ரோட்டில் ஓடிப் பழகி, கல்லூரி மைதானம் வழியாகத் தேசிய மைதானத்துக்குப் போனவர். 2005-இல் ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், அதே தூரத்தை 2 நிமிஷம் 3.16 வினாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி. சில நாட்களுக்குள் 'பால் சோதனையில் தேறவில்லை' என்று அறிவித்துப் பதக்கத்தைப் பறித்தார்கள்.

அவர் எந்த மருந்தையும் சாப்பிடவில்லை. எந்தப் பொய்யும் சொல்லவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். எல்லாப் பெண்களையும் கட்டாயமாகச் சோதிக்கும் வழக்கத்தைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-இலேயே கைவிட்டிருந்தது. சந்தேகப்பட்டவரை மட்டும் கூப்பிட்டுச் சோதிப்பது என்று அப்போது வைத்துக்கொண்டிருந்தார்கள். சரி, விதியைப் பற்றி விஞ்ஞானிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். என் கேள்வி வேறு. இவரைப் பொறுக்கி எடுத்தவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், முகாமில் வைத்திருந்தவர்கள், கொடியைக் கையில் கொடுத்து விமானம் ஏற்றியவர்கள் எத்தனை பேர்? இவர் வென்ற கோப்பைகளோடு படம் எடுத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர்? செய்தி வெடித்த அன்று இந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அழைத்துப் போனது நாங்கள், கேட்க வேண்டியதை எங்களைக் கேளுங்கள்" என்று சொன்னவர் எத்தனை பேர்? ஒருவருடைய அந்தரங்கத்திலும் அந்தரங்கமான சமாசாரத்தை ஊரறியத் தமுக்கடித்தார்களே, அந்த ஒழுங்கீனத்துக்காக எந்த அதிகாரியின் பதக்கத்தைப் பிடுங்கினார்கள்?

2007-இல் சாந்தி உயிரை விட முயன்று பிழைத்தார். அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, சோதனையைப் பற்றிய செய்தி வந்த பிறகும் பின்வாங்காமல், 15 லட்சம் ரூபாயும் ஒரு டெலிவிஷன் பெட்டியும் கொடுத்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பணத்தைக் கொண்டு அவர் புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். இருந்தும், 2012-இல் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியவர் நாள் ஒன்றுக்கு 200 ரூபாய்க் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார் என்று பத்திரிகைகளில் படித்தோம். நிரந்தரமான பயிற்றுநர் உத்தியோகம் 2016-இல்தான் கிடைத்தது. பத்து வருஷம்! பழியைச் சுமக்க ஒருவர் போதும் என்று நாம் முடிவு செய்துவிட்டால் அது எத்தனை வருஷம் வரைக்கும் தாங்கும் என்று தெரிகிறதல்லவா?

'இது விதிவிலக்கான கேஸ். மருந்து சாப்பிட்டவர்களைப் பற்றிப் பேசுங்கள்' என்பீர்கள். பேசுகிறேன்.

மருந்து விஷயத்தில் உலகம் முழுவதும் ஒரே சட்டம்: உன் உடம்புக்குள் போனதற்கு நீயே பொறுப்பு. யார் கொடுத்தார்கள், எதற்குக் கொடுத்தார்கள், தெரிந்து சாப்பிட்டாயா, தெரியாமல் சாப்பிட்டாயா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்கலாமே தவிர, குற்றத்தை அழிக்காது. கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பார்த்தால் வேறு வழியில்லை. 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தை விடுதலை வாங்கித் தருமானால் எந்தத் திருடனுக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆகையால் அந்தச் சட்டத்தை நான் ஆட்சேபிக்கவில்லை. அது ஓடுகிறவரோடு நின்றுவிடுகிறதே, அதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

2011-இல் நடந்ததைப் பாருங்கள். இந்தியாவின் தொடர் ஓட்டப் பெண்கள் ஆறு பேர் மருந்துச் சோதனையில் அகப்பட்டார்கள். அவர்களில் சிலர் அதற்கு முந்தின வருஷம் காமன்வெல்த் போட்டியிலும் ஆசியப் போட்டியிலும் தங்கம் வாங்கித் தேசத்தையே ஆனந்தக் கூத்தாட வைத்தவர்கள். உக்ரேனியப் பயிற்சியாளர் யூரி ஒகரோத்னிக் சீனாவில் வாங்கி வந்த ஜின்ஸெங் சத்து மாத்திரையால் வந்த வினை என்று சொன்னார்கள். நம் நாட்டு விசாரணைக் குழு, இவர்கள் பெரிய குற்றம் செய்யவில்லை என்று ஒரு வருஷத் தடை விதித்தது. சர்வதேச நடுவர் மன்றம் 2012-இல் அதை இரண்டு வருஷமாக்கியது. பயிற்சியாளரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவரை நியமித்தவர்களை? முகாமை மேற்பார்வை பார்த்தவர்களை? மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுக்க வேண்டிய டாக்டர் என்று ஒரு மனிதர் இருந்தாரா, இல்லையா? இல்லையென்றால் அது யாருடைய குற்றம்?

இன்னும் பக்கத்தில் வருவோம். திருச்சியை அடுத்த முடிகண்டம் கிராமத்துக் கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில், அதே தோஹாவில், அதே 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. ஒரு மாதத்துக்குள் நாண்ட்ரலோன் என்ற மருந்துக்காகத் தூக்கி எறிந்தது. நான்கு வருஷத் தடை. சாதாரணமாகச் செய்தி படித்தவர்களுக்குத் தெரியாத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. தோஹாவுக்குப் போவதற்கு முன்பே, மார்ச் மாதம் பாட்டியாலாவில் நடந்த போட்டியில் அவரிடம் மாதிரி எடுத்திருந்தார்கள். அதிலும் அதே மருந்துதான். அந்தச் சோதனையின் முடிவு அவர் விமானம் ஏறுமுன் வந்து சேரவில்லை. வந்திருந்தால் அந்தப் பெண் ஆசியாவின் முன்னால் ஏறி, ஆசியாவின் முன்னால் விழுந்திருக்க வேண்டியதில்லை. தாமதத்துக்கு யார் பொறுப்பு என்று ஸ்தாபனங்கள் ஒன்றின்மேல் ஒன்று விரலைக் காட்டின. மருந்து உடம்பில் இருந்தால் நான்கு வருஷம். காகிதம் மேஜையில் தூங்கினால் ஒரு நாள்கூட இல்லை!

2023 செப்டம்பரில் தில்லி மாநில ஓட்டப் போட்டியில் நடந்தது கதாசிரியனான என் கற்பனைக்கும் எட்டாதது. மருந்துச் சோதனை அதிகாரிகள் மைதானத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓட்டக்காரர்கள் மாயமாக மறைந்தார்கள். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தின் கோட்டில் வந்து நின்றவர் ஒரே ஒருவர்! மைதானத்துக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. நாடெங்கும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வயதுப் பையன்கள் தனித்தனியே யோசித்துத் தனித்தனியே ஒரே மாதிரி ஊசி வாங்கி, ஒரே மாதிரி ஓடி ஒளிந்தார்கள் என்று யாராவது நம்புகிறீர்களா? அதே வருஷத்துக்கான உலக அளவிலான கணக்கில், இந்தியாவில் சோதித்த 5,606 மாதிரிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு மருந்தோடு இருந்தன. பெரிய அளவில் சோதனை நடத்துகிற எந்தத் தேசத்திலும் இவ்வளவு இல்லை. இது தனி மனிதர்களுடைய தவறு என்றால், அத்தனை தனி மனிதர்களும் நம் தேசத்தில்தானா வந்து பிறக்க வேண்டும்?

ஸ்தாபனமும் ஸ்தாபனத்தின் தலைவர்களும் பொறுப்பேற்பது என்பது நடக்காத காரியமா? அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகம் என்று ஒன்று. அங்கே கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு வருஷக் கணக்கில் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்தார்கள். அகப்பட்டபோது, 1987-இல், கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ன செய்தது தெரியுமா? பல்கலைக்கழகத்தின் ஒரு வருஷ ஆட்டத்தையே ரத்துச் செய்தது. பணம் கொடுப்பதைத் தொடரலாம் என்று சம்மதித்தவர்களில் ஒருவர் பல்கலைக்கழக ஆட்சிக் குழுவின் தலைவராக இருந்த பில் கிளெமெண்ட்ஸ். அவர் அப்போது டெக்ஸாஸ் மாகாணத்தின் கவர்னர்! அவர் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ளும்படி ஆயிற்று. இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் வேறொன்று. அந்தப் பையன்கள் வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போய் உடனே ஆடலாம் என்று வழி விட்டார்கள். ஸ்தாபனத்தைத் தண்டிக்க முடியும், பிள்ளைகளைத் தெருவில் நிறுத்தாமல் இருக்கவும் முடியும்.

அதே டெக்ஸாஸில் பேய்லர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள்மேல் மாணவிகளைப் பலாத்காரம் செய்ததாகப் புகார்கள். புகார்களை நிர்வாகம் அமுக்கியது என்று விசாரணையில் தெரிந்தது. 2016-இல் பயிற்சியாளரை வெளியேற்றினார்கள். பல்கலைக்கழகத் தலைவரையே பதவியிலிருந்து இறக்கினார்கள். அந்தத் தலைவர் யார் என்றால், ஜனாதிபதி கிளிண்டனுடைய ஒழுக்கத்தைத் துருவித் துருவி ஆராய்ந்தாரே, அதே கென்னத் ஸ்டார்! ஊரார் ஒழுக்கத்தை ஆராய்ந்தவருக்குத் தன் வீட்டுக் கொல்லை தெரியவில்லை. அங்கேயும் ஓட்டை இல்லாமல் இல்லை. விளையாட்டுச் சங்கத்தின் விதிகளில் இந்தக் குற்றத்துக்கு இடமே இல்லை என்று 2021-இல் அந்தச் சங்கம் கையை விரித்தது. இருந்தாலும் நாற்காலிகள் ஆடினவே! நம் பக்கம் நாற்காலிகள் சிமெண்டில் பதிக்கப்பட்டவை.

அமெரிக்காவுக்குப் போவானேன்? தமிழ்நாட்டிலேயே வழி இருக்கிறது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவன் நாவரசு கொலையுண்டபோது நாடு பதறிற்று. 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம், வதைத்த மாணவனைத் தண்டிப்பதோடு நிற்கவில்லை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர், குற்றத்துக்கு உடந்தையானவராகவே கருதப்படுவார் என்றது. உடந்தை! எவ்வளவு அருமையான சொல்! ஒரு மாணவன் இன்னொருவனை ராத்திரியில் விடுதி அறையில் வதைத்தால் முதல்வர் உடந்தையாகலாம். அதே மாணவனை முதல்வர் கையெழுத்துப் போட்டுப் பஸ்ஸில் ஏற்றி, கல்லூரியின் பெயரைப் பனியனில் எழுதி, போட்டிக்கு அனுப்பினால், அங்கே நடப்பது மட்டும் அவனுடைய சொந்த விவகாரமா?

எங்கள் ஜில்லாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுகிறேன். ஒவ்வொரு ஜனவரியிலும் தமிழ்நாட்டின் முதல் ஜல்லிக்கட்டு எங்கள் தச்சங்குறிச்சியில்தான் நடக்கும். 2017-இல் வந்த விதிகளின்படி, நடத்துகிறவர்கள் கலெக்டரிடம் அனுமதி வாங்கவேண்டும், தடுப்புக் கட்டவேண்டும், கால்நடை மருத்துவர் காளையைப் பார்க்கவேண்டும், அதற்குப் போதைப் பொருள் எதுவும் கொடுத்திருக்கக்கூடாது. ஏற்பாட்டில் குறை இருந்தால் விழாக் குழுவினர்மேல் வழக்கு. 'மாடு முட்டியது அதனுடைய தனிப்பட்ட செயல்' என்று எந்த விழாக் குழுவும் கலெக்டரிடம் சொல்லித் தப்பிக்க முடியாது. மாடு வேறு, மனிதன் வேறு என்று என்னைத் திருத்துவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மனிதனுக்குப் புத்தி இருக்கிறது. ஆகையால் அவனுடைய பங்குத் தண்டனையை அவன் அனுபவிக்கட்டும். ஆனால் மனிதன் என்பதற்காக விழாக் குழுவுக்கு விடுமுறை கொடுத்துவிடுவது எந்த ஊர் நியாயம்?

மாணவர்கள் ஒழுங்காகவே இருந்த இடத்தில் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2025 ஜூலையில் ஜெர்மனியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு. நம் பல்கலைக்கழகங்களின் சார்பில் பாட்மிண்டன் ஆடப் பன்னிரண்டு பேர் கடல் கடந்து போனார்கள். உடன் போன அதிகாரிகள் பெயர்ப் பட்டியலைச் சரியாகக் கொடுக்காததால் ஆறு பேர் மட்டையையே தொட முடியவில்லை. மற்ற ஆறு பேர் ஆடிக் குழுவுக்கு வெண்கலம் வாங்கி வந்தார்கள். ஒரு மாணவன் மைதானத்துக்கு அரை மணி தாமதமாக வந்தால் அவன் பெயரை அடித்துவிடுகிறோம். ஆறு மாணவர்களின் பெயரை எழுத மறந்தவர்களுக்கு என்ன பெயர் வைப்பது?

சில நண்பர்கள், "கல்லூரியைத் தண்டித்தால் அவர்கள் விளையாட்டுப் பிள்ளைகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிடுவார்கள், கடலைக் கொல்லையிலிருந்து ஒருவனும் வரமுடியாது" என்று பயமுறுத்துகிறார்கள். இது சாதாரண ஆட்சேபம் அல்ல. நானும் இதற்குத்தான் மிகவும் தயங்கினேன். ஆகையால் இலவச இடத்தில் கை வைக்கவேண்டாம் என்கிறேன். கோப்பையில் கை வையுங்கள். கல்லூரியின் பெயரில் ஆடப் போன பையன் குற்றம் செய்தால், அந்த வருஷத்துக் கோப்பைகளைத் திருப்பித் தரட்டும். விளம்பரப் புத்தகத்திலிருந்து படத்தை எடுக்கட்டும். விசாரணைக் கூண்டில் பையனுக்குப் பக்கத்திலேயே உடற்கல்வி இயக்குநருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். விசாரிப்பவர் அந்தக் கல்லூரியின் சம்பளம் வாங்காதவராக இருக்கட்டும். வராத பையனுக்கு வருகை போட்டவர் யார் என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். வருஷம் பூராவும் அவனை வகுப்பிலிருந்து விலக்கி, அவனுடைய காலையும் கையையும் மட்டும் வாங்கிக்கொண்டவர்கள், 'இவனுக்குப் படிப்பின் பண்பு இல்லை' என்று கடைசியில் சொல்ல எப்படித் துணிகிறார்கள்?

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "உனக்கென்ன இதில் இவ்வளவு ஆத்திரம்?" என்று நீங்கள் வினவலாம். எனக்குச் சொந்தமாக ஒரு கடன் இருக்கிறது.

கல்லூரி மலருக்கு நான் வர்ணனை எழுதப் போனேன் என்று சொன்னேன் அல்லவா? எழுதினேன். ஆறு பக்கம். அச்சில் வந்த என்னுடைய முதல் எழுத்து அதுதான். கடைசி நிமிஷத்தில் அந்தப் பையன் மூன்று பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டதை அபாரமாக வர்ணித்திருந்தேன். மலர்ப் பொறுப்பாளரான ஆசிரியர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, "பெயர் வேண்டாம், 'நமது வீரர் ஒருவர்' என்று போட்டுவிடு" என்றார். போட்டுவிட்டேன். பாட்டில் பெட்டியைப் பற்றியும், வேப்பமரத்தைப் பற்றியும், ஏழு தையலைப் பற்றியும் அதில் ஒரு வரிகூட இல்லை. அவை வேண்டாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகவேதான் விட்டேன்.

மலர் வெளிவந்த வாரத்தில் அவனை ஆலங்குடிச் சந்தையில் பார்த்தேன். கடலை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். "எழுதியிருக்கியாமே? பசங்க சொன்னாங்க. ஒரு புஸ்தகம் கொண்டாந்து குடு மாப்ளே, அப்பா படிக்கச் சொல்லிக் கேக்கணும்ங்கிறாரு" என்றான்.

கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.